காதுக்காரர்

விடுதி லிஃப்டுக்குள் நுழைந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கூட ஏறிய வெள்ளைச்சட்டைக்காரர், இந்த அம்மாவுக்கு மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ என்று பயந்து ஓரமாக ஒதுங்கி நின்றார். மயக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. மேலே ஓடும் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அறைக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, போனை எடுத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் மளமளவென்று தட்ட ஆரம்பித்தாள்.

"இந்த ஊரில் எல்லாமே புதுசு. கண்ணாடி புதுசு, புல்தரை புதுசு, மனிதர்கள்கூட இப்போதுதான் உறை பிரித்து வெளியே எடுத்தது போல இருக்கிறார்கள். விடுதி லிஃப்ட் மட்டும் மூன்றாவது மாடியைத் தாண்டும்போது ஒரு பெருமூச்சு விடுகிறது. அப்பாடா, நமக்கும் இங்கே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்."

லிஃப்ட் பொத்தான்களின் படம் ஒன்றையும் சேர்த்தாள். பதிவு ஏறிவிட்டது.

பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். மோட்டாரைப் பழுது பார்க்கக் கொண்டுவரும் நரைத்த தலைக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் உடன்பிறப்பு என்று பார்த்தால் ஒரே ஒரு தம்பி. பட்டறையை இரண்டு பேரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். அவளுக்குக் காது, அவனுக்கு வாய் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். ஓடுகிற மோட்டார் மேல் ஒட்டி வைத்தால், எந்த பேரிங் சீக்கிரம் மண்டையைப் போடப் போகிறது என்று முன்கூட்டியே சொல்கிற ஒரு சின்ன டப்பாவை அக்கா செய்திருந்தாள். வருஷக்கணக்காக ஆலை ஆலையாக அலைந்து அவள் சேர்த்து வைத்திருந்த சத்தங்கள்தான் அந்த டப்பாவுக்குள் இருந்த மூளை. அதை நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது தம்பியின் வாய். அதையும் குறைத்துச் சொல்ல முடியாது. மூடிய கதவையும் பேசியே திறந்துவிடுவான்.

இதற்கு நடுவில் அக்காவுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. போனிலேயே ஒரு வலைப்பூ எழுதி வந்தாள். ஆலையில், பேருந்தில், ஆஸ்பத்திரியில், எங்கே எந்த இயந்திரம் முனகினாலும் அதைக் கேட்டு நாலு வரி, ஒரு படம். அதில் அவள் பெயர் காதுக்காரர். முகத்தைக் காட்டியதில்லை. 'வந்தேன், போனேன்' என்று எழுதினால் எழுதியவர் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியப் போகிறது? மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சொல்லும்படி ஒரு சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான்.

தம்பி அதை மதித்ததே கிடையாது. "என்னக்கா, இன்னிக்கு எந்த மோட்டாருக்கு இரங்கல் கூட்டம்?" என்று கிண்டலடிப்பான். அப்படிப்பட்டவன் இந்தப் பயணத்துக்குக் கிளம்பும் முன் வந்து, "அக்கா, போற இடத்துல தினமும் எழுது. விடாம எழுது" என்றான்.

அக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "சூரியன் எந்தப் பக்கம்டா உதிச்சுது?"

"நிஜமாத்தான்க்கா. நல்லா எழுதுறே. ஆனா என்னைப் பத்தி எழுதிடாதே. நான் கூட வந்திருக்கேன்னுகூடப் போட வேண்டாம்."

"ஏன்டா?"

"கூச்சமா இருக்குக்கா."

"கூச்சமா? உனக்கா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. தம்பி படிக்கிறான், அதுவும் கூச்சப்படுகிற அளவுக்குப் படிக்கிறான் என்று பூரித்துப்போனாள். அவன் சொன்னபடியே, தனியாக ஊர் சுற்ற வந்தவரைப் போல எழுதினாள்.

வந்த காரியம் சாதாரணமானது அல்ல. அந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு மென்பொருள் நிறுவனங்கள். அதில் பெரியது ஒன்று, இவர்கள் டப்பாவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்தது. பேச்சுவார்த்தை முழுக்க தம்பிதான். "நீ கூட வந்து நில்லு, அது போதும். டப்பா ஏதாவது மக்கர் பண்ணா நீ வேணும்" என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தான்.

லிஃப்ட் பதிவுக்கு முதல் பின்னூட்டம் மழைக்கோட்டு என்ற புனைபெயர்க்காரரிடமிருந்து வந்தது. மழைக்கோட்டு யார் என்று அக்காவுக்குத் தெரியாது. ஆனால் வலைப்பூ தொடங்கிய காலத்திலிருந்தே வரி விடாமல் படிக்கிற ஆள். அவள் எழுதாமல் இருந்தால், "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்கிற ஆள். "கடைசியில் எங்கள் ஊருக்கே வந்துவிட்டீர்களா! நாளைக்கு உங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

படத்தை வைத்தே எந்த விடுதி என்று கண்டுபிடித்திருப்பார் போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நேரில் வந்து நின்றால் என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் ஒரு தடவை ஒத்திகைகூடப் பார்த்தாள்.

மறுநாள் காலை இருவரும் அந்த நிறுவனத்துக்குப் போனார்கள். வாசல் கூடத்தில் தட்டு போன்ற ஒரு இயந்திரம் தானாகவே தரையைப் பெருக்கிக்கொண்டு போய், பூந்தொட்டியில் முட்டி, திரும்பி வந்து மறுபடி அதே தொட்டியில் முட்டியது. வருகிறவர்களுக்கான அட்டையை இன்னொரு இயந்திரம் அடித்துத் துப்பியது. தம்பியின் அட்டையில் நிறுவனர் என்று இருந்தது. அக்காவின் அட்டையில் உதவியாளர் என்று இருந்தது.

"டேய், என் பதவியைக் குறைச்சுட்டாங்கடா" என்று அவள் சிரித்துக்கொண்டே காட்டினாள்.

"மெஷின்தானேக்கா அடிக்குது. ஏதோ தப்பா விழுந்திருக்கும், விடு."

இதை வைத்து இன்றைக்கு ஒரு பதிவு தேற்றிவிடலாம் என்று அவள் போனை எடுத்தாள். தம்பி சட்டென்று அவள் கையைப் பிடித்தான். "இங்கெல்லாம் படம் எடுக்கக் கூடாதுக்கா." பக்கத்திலேயே ஒரு கூட்டம் சுவரில் பதித்திருந்த நிறுவனப் பெயருக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். ஆனாலும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தம்பி சொன்னால் காரணம் இருக்கும்.

கூட்ட அறையில் கதவைத் திறந்துகொண்டு அந்த நிறுவனத்தின் திட்டத் தலைவி வந்தார். கிராப்பு வெட்டிய நரைமுடி, துணிக் காலணி, பெரிய பதவிக்காரர் என்ற பந்தா துளியும் இல்லை. வந்தவர் நேராகத் தம்பியிடம் போய் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"காதுக்காரர்! கடைசியில உங்களை நேர்ல பார்த்துட்டேன். நான்தான் மழைக்கோட்டு."

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாவம், ஆள் மாறிப் பிடித்துவிட்டார், தம்பி இப்போது திருத்திவிடுவான் என்று காத்திருந்தாள். அவள் வாய்கூடப் பாதி திறந்துவிட்டது.

தம்பி கையை உருவிக்கொள்ளவில்லை. "நீங்களா மழைக்கோட்டு! நான் யாரோ ஆம்பளைன்னு நினைச்சேங்க" என்றான். இயல்பாகச் சொன்னான். முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தால்தான் அவ்வளவு இயல்பாக வரும்.

"நேத்து அந்த லிஃப்ட் பெருமூச்சு! படிச்சுட்டு சத்தமா சிரிச்சுட்டேன்."

"ஏதோ தோணுச்சு, எழுதினேன்."

திட்டத் தலைவி நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டுக்கொண்டார். குரல் தணிந்தது. "ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். உங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ எழுதினீங்களே. பக்கத்துல அந்த ஆக்சிஜன் மெஷின். அது ஒரு தடவை மூச்சு விடும், அவர் ஒரு தடவை விடுவார்னு எழுதியிருந்தீங்க. ரெண்டுல எது முதல்ல நிக்கும்னு ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்தேன்னு. எங்க அப்பாவும் அப்படித்தான் போனார். அதைப் படிச்சுட்டு நான் அழாத அழுகை இல்லை. அன்னிலேர்ந்துதான் உங்க டப்பாவைப் பத்தியே விசாரிக்க ஆரம்பிச்சேன்."

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் போக மாட்டான். வியாபாரத்துக்காக என்ன வேண்டுமானாலும் அளந்திருக்கட்டும், இதில் கை வைக்க மாட்டான்.

தம்பி தலையைக் குனிந்தான். அப்புறம், "ஆமாங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கல" என்றான்.

அந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. அசைந்தால் டொக்கென்று சத்தம் கேட்கும், அப்பா விழித்துக்கொள்வார் என்று அசையாமலேயே உட்கார்ந்திருந்தவள் அக்கா. தம்பி அப்போது நண்பர்களோடு எங்கோ மலைப்பக்கம் போயிருந்தான். கூப்பிட்டபோது, "டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லைன்னுதானே சொல்றார்?" என்று கேட்டான். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான்.

திட்டத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் பார்த்தவரைப் போல அக்காவின் பக்கம் திரும்பினார். "இவங்க?"

"எங்க அக்கா. பட்டறை வேலையில எனக்கு உதவியா இருக்காங்க."

"கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்!"

அக்கா என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிற்பாடு நினைவில்லை. தலையை ஆட்டியிருப்பாள். டப்பாவைக் காட்டுகிற வேலை ஆரம்பித்தது. தம்பி பேசினான். எல்லாமே அவள் வலைப்பூவில் எழுதிய வாக்கியங்கள். முற்றுப்புள்ளிகூட மாறவில்லை. தன் குரலை இன்னொருவர் வாயில் கேட்டுக்கொண்டு, மைக் கம்பியை இந்தத் துளையில் செருகு, அந்தத் துளையில் செருகு என்று அவன் கை காட்டியபடி செருகிக்கொண்டிருந்தாள்.

தேநீர் இடைவேளை விட்டதும் அவனைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். லிஃப்ட் இருக்கிற கட்டிடத்தில் படிக்கட்டை யார் சீண்டுகிறார்கள்? ஈ காக்கை இல்லை.

"என்னடா இது?"

"அக்கா, சத்தம் போடாதே. நான் சொல்றதைக் கேளு."

"எத்தனை நாளா நடக்குது?"

"அந்தம்மா உன் வலைப்பூவைப் படிச்சுட்டுத்தான் நம்ம பட்டறைக்கே மெயில் போட்டாங்க. 'இதை எழுதுறது நீங்களா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னு எழுதிட்டேன். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அப்புறம் திரும்ப முடியல."

"அப்போ தினமும் எழுதுன்னு சொன்னது? உன்னைப் பத்தி எழுதாதேன்னு சொன்னது? கூச்சம்னு சொன்னியேடா!"

தம்பி சுவரைப் பார்த்தான். "அவங்க ஒரு ஆளைத்தான் வேலைக்கு எடுக்குறாங்க. டப்பாவோட சேர்த்து. கேட்டவன், எழுதினவன், செஞ்சவன், எல்லாம் ஒரே ஆளுன்னாத்தான் அவங்களுக்குப் பிடிக்குது. நீ நாலு பேர் முன்னாடி வாயைத் திறப்பியா? நீ வந்து இங்கே உட்கார்ந்திருப்பியா? ஊருக்குப் போனதும் பக்குவமா சொல்லி, டப்பாவை என் பேருக்கு மாத்தக் கையெழுத்து வாங்கிக்கலாம்னு இருந்தேன். நீ என்னிக்குக் கேள்வி கேட்டிருக்கே?"

"அதனாலதான் பண்ணியா? நான் கேக்க மாட்டேன்னு?"

"உனக்கும்தானேக்கா நல்லது?"

"அப்பா விஷயத்துல ஏன்டா ஆமான்னே?"

வாய்க்காரனின் வாய் முதல் தடவையாக அடைத்துப்போனது. கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே, "அந்த இடத்துல நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும்?" என்றான். அப்புறம் உள்ளே இருந்ததையும் கொட்டிவிட்டான். "அம்மாவுக்கும் தெரியும்க்கா. அம்மாதான் இப்போதைக்கு உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

அவனை அங்கேயே விட்டுவிட்டு அக்கா கீழே இறங்கி வெளியே போனாள். புல்தரை ஓரம் ஒரு பெஞ்சு இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"என்னடி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா எதைப் பற்றி என்று கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. "அவனுக்கு ஒரு வழி பிறக்குது. கொஞ்சம் விட்டுக்கொடேன்டி. நீதான் பெரியவ. எழுதுறதுல என்ன இருக்கு? யார் எழுதினா என்ன?"

"அம்மா, அன்னிக்கு அப்பா பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லும்மா. யாரு?"

"உனக்கு எப்பவும் பிடிவாதம்" என்றாள் அம்மா. "அவன் வாழ்க்கையைக் கெடுத்துடாதே. நான் கேட்டுக்கறேன்."

அக்கா போனை வைத்தாள். அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தாள், வரவில்லை. டப்பா போனால் போகட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம். வேலை அவனுக்கே இருக்கட்டும், அவன் கேட்டிருந்தால் அவளே தாரை வார்த்திருப்பாள். ஆனால் அந்த ராத்திரி? அதைக் கொடுக்க அவளுக்கே உரிமை உண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு மனமாக எழுந்து உள்ளே போனாள். திட்டத் தலைவி காபி இயந்திரத்தின் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் பேசணும்ங்க. காதுக்காரர் நான்தான்."

திட்டத் தலைவி புரியாமல் சிரித்தார். "என்னம்மா சொல்றீங்க?"

அக்கா விளக்கம் சொல்லவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். லிஃப்ட் பதிவில் மழைக்கோட்டின் பின்னூட்டத்துக்குக் கீழே தட்டினாள்: "ஆச்சரியம் எனக்குக் கிடைத்துவிட்டது. உங்கள் எதிரில் நிற்பது நான்தான்." அனுப்பினாள். திட்டத் தலைவியின் சட்டைப் பைக்குள் போன் ஒலித்தது. எடுத்துப் படித்தார். காபிக் கோப்பை கையில் சரிந்து, காபி விரல் மேல் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அப்போ அவர் அப்பாவைப் பத்திச் சொன்னது?"

"அப்பா எங்க ரெண்டு பேருக்கும் பொதுதாங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தது நான்."

"நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே" என்றார் திட்டத் தலைவி. அந்தக் குரலைக் கேட்டதும்தான் அக்காவுக்கு உறைத்தது, ஏமாந்தது தான் மட்டும் இல்லை என்று. இரண்டு பேரும் பல வருஷமாக வலைப்பூவில் பேசிக்கொண்டிருந்தவர்கள். முதல் சந்திப்பு இப்படியா அமைய வேண்டும்?

"இதை நான் மேல சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க."

மதியக் கூட்டம் நடக்கவில்லை. தம்பியை மட்டும் ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. நிறுவனம் கையை உதறிவிட்டது. பெயரிலேயே பொய் சொன்னவர், கருவியில் என்னென்ன சொல்லியிருப்பாரோ என்று கேட்டார்களாம். திட்டத் தலைவி தனியாக வந்து, "நீங்க மட்டும் வந்தா நான் மறுபடி பேசிப் பார்க்கிறேன்" என்று அக்காவிடம் சொன்னார். டப்பா இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. தம்பி இல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு வர அவளால் முடியாது, அவனோடு சேர்ந்து இனி ஒரு மேஜையில் உட்காரவும் முடியாது. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

விமான நிலையத்தில் தம்பி வாய் திறந்தான். "கூடப் பிறந்தவளே குழி பறிச்சுட்டே. நிம்மதியா இருக்கா?"

அக்கா அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இவள் மடியில்தான் படுப்பான். அந்த முகம்தான், அதே மூக்குதான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறான் என்று தெரிந்தது. குற்றம் செய்தவள் அக்காதான் என்று மனசார நம்புகிறான். அதற்கு மேல் பேச அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. விமானத்தில் தன் இருக்கையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

பட்டறை இரண்டானது. வாடிக்கையாளர்கள் தம்பியோடு போனார்கள், அவர்களுக்குத் தெரிந்த முகம் அதுதான். சத்தங்கள் அக்காவோடு வந்தன. ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன இடத்தில் பம்பு, மிக்ஸி, தையல் இயந்திரம் என்று கிடைத்ததைப் பார்த்துக்கொண்டாள். அம்மா தம்பியோடு இருந்தாள். போன் செய்தால், "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

வலைப்பூவில் ஒன்றும் எழுதவில்லை. எழுத உட்காருவாள். இரண்டு வரி ஓடும். மூன்றாவது வரியில், இதை யார் எடுத்து எங்கே உடுத்திக்கொள்வார்களோ என்று தோன்றும், விரல் நின்றுவிடும். "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று மழைக்கோட்டு கேட்டிருந்தார். "ஒன்றுமில்லை" என்று மட்டும் பதில் போட்டாள்.

ஒருநாள் மத்தியானம் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. விமான நிலையத்துக்குப் பிறகு அவனிடமிருந்து வந்த முதல் வார்த்தைகள் கூடவே இருந்தன: "அக்கா, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லு. அவசரம்." எப்படி இருக்கிறாய் என்று ஒரு சொல் இல்லை.

கேட்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். பம்பு ஒன்றைப் பிரிக்க உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. எடுத்துக் காதில் வைத்தாள். ஏதோ பெரிய ஆலை மோட்டார். உள்ளே பேரிங் நொறுங்கி, சுழலும் ஷாஃப்ட் தடதடக்க ஆரம்பித்திருந்தது. அந்தத் தடதடப்புக்கு ரொம்பப் பக்கத்தில், யாரோ இருமினார்கள். இரண்டு தடவை. மோட்டாருக்கு ஒரு கை தூரத்தில் ஒரு ஆள் நிற்கிறார்.

"உடனே நிறுத்தச் சொல். பக்கத்தில் நிற்கிறவரைத் தள்ளிப் போகச் சொல்" என்று தட்டி அனுப்பினாள். அவன் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"சொன்னேன்க்கா. நிறுத்திட்டாங்க."

அங்கே நின்றவர்கள் அவன் காதை மெச்சியிருப்பார்கள். அவனும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டிருப்பான். மோட்டார் நின்றது, இருமியவர் தப்பித்தார், அது போதும் என்று அக்கா நினைத்துப் பார்த்தாள். பாதி தூரம்தான் அப்படித் தேற்றிக்கொள்ள முடிந்தது. போனை ஓரமாக வைத்துவிட்டு, பம்பின் மூடியைக் கழற்றத் திருப்புளியைத் தேட ஆரம்பித்தாள்.